விட்டுக்கொடுக்கும் இன்ஜின்

வழக்கமான பெட்ரோல் இன்ஜினில் எரிந்த வாயு முழுசாக விரிவதற்குள் வெளியே போய்விடும். மிச்சச் சூடு சைலன்ஸர் வழியே வீண். அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் மில்லர், வால்வு மூடும் நேரத்தை மாற்றும் வழிக்கு 1957-ல் காப்புரிமை பெற்றார்.

1993-ல் வந்த மஸ்டா யூனோஸ் 800 காரில் பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் உள்வால்வு சிறிது நேரம் திறந்தே இருக்கும். உறிஞ்சியதில் கொஞ்சம் திரும்பிப் போகும். அழுத்தும் தூரம் குறையும். விரியும் தூரம் அப்படியே. அதனால் அதே எரிபொருளில் கூடுதல் வேலை.

ஆனால் உள்ளே நிற்பது குறைவு, இழுவையும் குறையும். அதை ஈடுகட்ட சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்தி அனுப்பும். 2.3 லிட்டர் இன்ஜினுக்கு 3 லிட்டர் வலு!

சூப்பர்சார்ஜரைச் சுழற்றுவதும் அதே இன்ஜின்தான். அந்தச் செலவைவிட மிச்சம் அதிகமானால்தான் லாபம். வீட்டுக் கணக்கும் அப்படித்தானே?