நாலாம் நம்பர் பெண்

அன்புள்ள விசாலம்,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பதில் போடாததற்கு என் முட்டியும் காரணம், பேரனும் காரணம். முட்டி எழுந்திருக்க விடவில்லை. அவனோ போனைக் கையில் திணித்து, லண்டன் டிவியில் அந்தக் காலத்தில் வந்த பாட்டு நிகழ்ச்சியைப் போட்டுவிட்டுக் காலேஜுக்குப் போய்விட்டான். ஒரு வாரமாக அதிலேயே கிடக்கிறேன். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

நிகழ்ச்சியின் பேர் ‘ரெடி ஸ்டெடி கோ’. 1963 ஆகஸ்டில் ஆரம்பித்து 1966 டிசம்பர் வரை வந்தது. வெள்ளிக்கிழமை சாயந்திரம். (நமக்கும் ஒளியும் ஒலியும் வெள்ளிக்கிழமைதானே, அந்தக் கிழமைக்கு என்ன ராசியோ!) தொகுத்து வழங்கியவர்களில் கேத்தி மெக்கோவன் என்று ஒருத்தி. புருவத்தை மறைக்கிற முன்முடி, அச்சுப்போட்ட மாதிரி கவுன். இந்தக் காலத்துப் பெண் ஒருத்தி தேவை என்று விளம்பரம் பார்த்து வேலைக்கு வந்தவளாம். பேசும்போது தடுமாறுவாள், சிரித்துச் சமாளிப்பாள். அதற்காகவே ஊர்ப் பெண்பிள்ளைகள் அவள்மேல் உயிரை வைத்திருந்தார்கள். பிற்பாடு மைக்கேல் பால் என்ற பாடகரோடு சேர்ந்துவிட்டாள்; அவரைவிடப் பத்தொன்பது வயது மூத்தவள். நீ மோவாயில் கை வைப்பது இங்கிருந்தே தெரிகிறது.

இன்னொன்று கேள். 1965-ல் டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் முன்னின்று, அமெரிக்காவின் மோட்டவுன் பாடகர்களை வைத்து ஒரு சிறப்பு நிகழ்ச்சி. அதில் சுப்ரீம்ஸ் பெண்கள் மூவரும் டிராஃபிக் போலீஸ் மாதிரி உள்ளங்கையை நீட்டி ‘நில்’ என்பார்கள். உலகமே காப்பியடித்த அந்த அசைவை, கொஞ்ச நேரம் முன்னால்தான், ஸ்டூடியோவின் ஆண்கள் கழிவறையில் வைத்து டெம்ப்டேஷன்ஸ் குழு ஆட்கள் சொல்லிக்கொடுத்தார்களாம்!

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்கில்லை. 1963 அக்டோபர் 4. பீட்டில்ஸ் முதல்முறை அங்கே வந்த நாள். நாலு பெண்கள் பிரெண்டா லீ பாட்டுக்கு வாயசைத்து ஆட வேண்டும். தீர்ப்பு பால் மெக்கார்ட்னி. எல்லாம் பதின்மூன்று, பதினாலு வயசுதான் இருக்கும். நாலாம் நம்பர் பெண்ணுக்கு முதல் பரிசு. மெக்கார்ட்னி கை குலுக்குகிறார், அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதோடு ஒரு வருஷம் அதே நிகழ்ச்சியில் ஆடும் வாய்ப்பும் கிடைத்தது.

1967 பிப்ரவரி. அதே பெண், பதினேழு வயசு, வீட்டை விட்டு ஓடிவிட்டாள். கார், அலமாரி நிறையத் துணி, எல்லாம் அப்படியே கிடக்கிறது. இத்தனை இருந்தும் ஏன் போனாள் என்று அப்பா புரியாமல் தவித்தது பேப்பரில் வந்தது. அந்தச் செய்தியைப் படித்துத்தான் மெக்கார்ட்னி ‘ஷீ இஸ் லீவிங் ஹோம்’ எழுத ஆரம்பித்தார். தான் கை குலுக்கிய பெண்தான் அது என்று அவருக்குத் தெரியவே தெரியாது!

பாட்டில் அவள் விடிகாலையில் கிளம்புவாள். நிஜத்தில் மத்தியானம், அப்பா அம்மா வேலைக்குப் போன நேரம். கூடப் போனவன் சூதாட்ட விடுதிக்காரன். அவன் வேலை செய்த இடத்தைத் தன் வாயாலேயே உளறி, கொஞ்ச நாளிலேயே அகப்பட்டுக்கொண்டாள்.

அந்தப் பாட்டில் பெற்றவர்கள் புலம்புவதற்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். இருபது வயசில் கேட்டிருந்தால் அந்த வரிகளைத் தாண்டிப் போயிருப்பேன். இப்போது அங்கேதான் நிற்கிறேன், விசாலம். ஆனால் படத்தைப் பார்த்தால் மறுபடியும் அந்தப் பெண்ணோடு போய்ச் சேர்ந்துகொள்கிறேன். வீட்டில் அவளை யாராவது அப்படி ஆட விட்டிருப்பார்களா?

அந்த நிகழ்ச்சியின் நாடாக்களில் முக்காலே மூணுவீசம் அழிந்துவிட்டன. மிச்சத்தின் உரிமையை டேவ் கிளார்க் என்ற டிரம்மர் வாங்கினார். அதில் இந்தப் போட்டி தப்பியதே அதிசயம். நேற்று ராத்திரி ஆறு தரம் பார்த்தேன். ஏழாவது தரம் போனை வாங்கிக்கொண்டான் பேரன்.

முட்டிக்கு நீ சொன்ன தைலத்தின் பேரை மறந்துவிட்டேன், எழுதி அனுப்பு.

உன்,
ராஜம்