கால் ஹெச்பி கார்டு

பேரன் மூன்று நாளாக வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் கடைக்கு வந்தான். வைண்டிங் மேசைக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"தாத்தா, கார்டு மாத்தணும்."

"ரேஷன் கார்டால?"

"கிராபிக்ஸ் கார்டு தாத்தா. கேம் வெளாடுனா திக்கித் திக்கி நிக்கி."

ஆலங்குளத்தில் முப்பத்தெட்டு வருஷமாக மோட்டார் காயில் கட்டுகிறவன் நான். கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு சாமான் ஏன் ஓடமாட்டேன் என்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. "வெவரமாச் சொல்லு" என்றேன்.

அவனிடம் இருப்பது ஏதோ ஆபீஸில் ஓடிக் கழித்துப் போட்ட பெட்டி. 2013-இல் வந்த ஐ5-4570 பிராசஸர், 8 ஜிபி ராம், 290 வாட் பவர் சப்ளை. கூடவே ஜிடி 710 என்று ஒரு சின்ன கார்டு. விடுமுறையில் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை ஏற்றி இறக்கிப் பதினையாயிரம் சேர்த்திருந்தான். ஆர்டிஎக்ஸ் 3060 ஒன்று பழசாகக் கிடைக்கிறதாம். மொத்தப் பணத்தையும் அதில் போடப் போகிறானாம்.

"அது எத்தன வாட் எடுக்கும்?"

"நூத்தி எழுவது."

ஒரு ஹெச்பி என்பது 746 வாட். அப்படியென்றால் கால் ஹெச்பிக்குக் கொஞ்சம் குறைவு. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய பலகை அவ்வளவு கரண்டைக் குடிக்கும் என்பதை நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு பில் புத்தகத்தின் பின்னால் கணக்குப் போட்டேன். பிராசஸருக்கு 84, கார்டுக்கு 170, ராம், டிஸ்க், விசிறி எல்லாவற்றுக்கும் ஒரு 40. கூட்டினால் 294. பெட்டி கொடுப்பதோ 290. அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

எனக்கு இதில் பழைய காயம் ஒன்று உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் சுரண்டைப் பக்கத்து விவசாயி ஒருவர் வந்தார். 5 ஹெச்பி மோட்டாரை எடுத்துவிட்டு ஏழரை போட வேண்டும் என்றார். பெரிய மோட்டார், பெரிய கூலி. நானும் குஷியாக மாட்டிக் கொடுத்தேன். கிணற்றில் ஊற்று எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏழரை ஹெச்பி அரை மணி நேரத்தில் கிணற்றை வற்ற அடித்துவிட்டுக் காற்றை உறிஞ்சியது. மூன்றாம் நாள் காயில் கரியாகி என் கடைக்கே திரும்பி வந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அதனால் பேரனிடம், "கார்டை விடு. ஊத்து எப்படி இருக்குன்னு பாப்போம், வா" என்றேன்.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றில் குற்றாலத்துக்குச் சாரல் கிடைக்கும். நமக்குப் பெரும்பாலும் புழுதிதான் மிச்சம். பிராசஸர் விசிறிக்குக் கீழே கம்பளி விரித்த மாதிரி அழுக்கு. சூடு ஏறினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று பேரன் சொன்னான். "தெரிஞ்சுமால இப்படி வச்சிருக்க?" என்று கேட்டுவிட்டு, கடை புளோயரைக் கொண்டுவந்து அடித்தேன். அடிக்கும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் கண்டபடி சுழன்றால் பேரிங் போய்விடும். அன்றைக்கே பாதித் திக்கல் நின்றது. பைசா செலவில்லை.

அடுத்து கரண்ட் அளக்கிற டாங் டெஸ்டர். இவ்வளவு சின்னக் கரண்டை அது சரியாகக் காட்டாது. அதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு: பேஸ் ஒயரை மட்டும் தனியே பிரித்து, டெஸ்டரின் வாயில் பத்துச் சுற்று சுற்றி, காட்டுகிறதைப் பத்தால் வகுக்க வேண்டும். கேம் ஓடும்போது 5 காட்டியது. அப்படியானால் அரை ஆம்பியர். 230-ஆல் பெருக்கினால் 115. வாட்டாக அதற்கும் கொஞ்சம் குறையும். பெட்டியில் இன்னும் இடம் இருக்கிறது, ஆனால் 3060-க்கு இல்லை.

அந்தக் கார்டுக்குத் தனியாக ஒரு எட்டு பின் ஒயர் வேண்டும். இவன் பெட்டியில் அது கிடையாது. "மாத்துக் கனெக்டர் இருக்கு தாத்தா, ஹார்டு டிஸ்க் ஒயர்ல இருந்து எடுத்துக்கலாம்" என்றான். அந்த சாட்டா முனை 54 வாட்டுக்குச் செய்தது. எட்டு பின் 150 வாட்டுக்கு. ஊசி ஒயரில் மோட்டார் ஓட்டினால் என்ன ஆகும் என்று காட்ட, கடையில் உருகிப்போன பிளக் ஒன்று வைத்திருக்கிறேன். அதை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

அவனும் லேசில் விடவில்லை. "இப்ப பெரிய கார்டு வாங்குனா, நாளைக்குப் புதுக் கம்ப்யூட்டருக்கு மாத்திக்கலாம்லா?" என்றான். பாதி நியாயம். விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது; இவன் பிராசஸரை விண்டோஸ் 11 தன் பட்டியலில் சேர்க்கவே இல்லை. பெட்டியின் ஆயுசு ஓரம் வந்துவிட்டது. ஆனால் என் கணக்கு வேறு. பெண் பார்க்கும் முன்பே தாலி செய்து வைக்கலாம், பெட்டியில் சும்மா இருந்தால் தங்கம் தேயாது. கார்டு அப்படியில்லை. புதுப் பெட்டி வருகிற அன்றைக்கு அதே பணத்துக்கு இதைவிட நல்லது கிடைக்கக்கூடும்.

அப்புறம் மானிட்டர். பதினெட்டரை இஞ்ச், 1366-க்கு 768. பெருக்கினால் பத்தரை லட்சம் புள்ளி. 1920-க்கு 1080 என்றால் இருபது லட்சத்துக்கு மேல். பத்து சென்ட் பாத்திக்கு இருபது சென்ட் தண்ணீர் எதற்கு?

இவன் ஆடுவது ஜிடிஏ 5. 2015-இல் கம்ப்யூட்டருக்கு வந்த கேம். அதை ஆக்கியவர்கள் நன்றாக ஓட என்ன வேண்டும் என்று சொன்ன பட்டியலைத் தேடச் சொன்னேன்: ஐ5-3470, ஜிடிஎக்ஸ் 660. இவனுடைய பிராசஸர் அதற்கு ஒரு தலைமுறை பிந்தியது. ஆக ஊற்று இருக்கிறது. படத்தின் அளவை 800-க்கு 600 ஆகக் குறைத்து ஓட்டிப் பார்த்தான், வேகம் ஏறியது. அதாவது இடுக்கு கார்டில்தான். பையன் சொன்னது சரி. அவன் கேட்ட அளவுதான் தப்பு. அவன் ஆடுகிற இன்னொரு கேமான வேலரண்டில் இதே சோதனையைச் செய்தபோது வேகம் நகரவில்லை. அங்கே இடுக்கு பிராசஸரில். எத்தனை பெரிய கார்டு போட்டாலும் அது அசையாது.

தனி ஒயர் கேட்காத கார்டாகத் தேடினோம். ஸ்லாட்டே 75 வாட் வரை கொடுக்கும். 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ அதற்குள் அடங்கும். 2024-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி உள்ளது, 70 வாட். ஆர்எக்ஸ் 6400 இன்னும் சிக்கனம், 53 வாட். ஆனால் டேட்டா போய்வர அதற்கு நாலே தடம், புது போர்டில் ஓட்ட என்று செய்தது. இவனுடைய பழைய போர்டில் அந்த நாலு தடமும் பாதி வேகம்தான். குழாய் சிறுத்தால் பம்பு நல்லதாக இருந்து என்ன!

3050 நல்ல பொருள், இந்த மானிட்டருக்கு அதிகம். 1050 டிஐ-க்குப் புது கேம்களுக்கான டிரைவர் வருவது 2025-இல் நின்றுவிட்டது. பத்து வருஷத்துக்கு முந்தைய கேம் ஆடுகிறவனுக்கு அது குறையில்லை என்று எனக்குப் பட்டது. இன்னொருவருக்கு வேறு மாதிரிப் படலாம்.

பழைய 1050 டிஐ ஒன்று வாங்கத் திருநெல்வேலிக்கு நானும் போனேன். எங்கள் தொழிலில் 3 ஹெச்பி மோட்டாரில் 5 என்று தகடு அடித்து விற்பார்கள். அலுமினியக் காயிலுக்குச் செம்பு நிறத்தில் பூச்சு இருக்கும். கார்டிலும் அதே பித்தலாட்டம் நடக்கிறது. அரதப்பழசான சிப்பைப் போட்டு, பேரை மாற்றி எழுதிவிடுகிறார்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இன்னொன்று, கிரிப்டோ காசு தோண்டுகிற வேலையில் ராப்பகலாக ஓடிய கார்டுகள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்கிற கிரிப்டோ காசு அப்படித் தோண்டுகிற முறையை விட்டதும் அவை சந்தைக்குக் குவியலாக வந்தன. நான் பார்த்தது விசிறியை. விரலால் தட்டிவிட்டேன். கரகரப்பு இல்லாமல் நின்று நிதானித்து அடங்கியது. இருபது நிமிஷம் கேம் ஓட்டிக் காட்டச் சொன்னோம். விற்ற பையன் முகம் சுளிக்கவில்லை, அதுவும் ஒரு நல்ல அடையாளம்.

நாலாயிரத்துச் சொச்சம். இன்னொரு 8 ஜிபி ராமும் ஒரு எஸ்எஸ்டியும் வாங்கியது போக மீதிப் பணத்தைப் பேரன் என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறான். எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டான். எனக்கு அது பிடித்திருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை என்னையும் உட்கார வைத்து ஒரு காரைக் கொடுத்தான். ஆலங்குளம் பஸ் ஸ்டாண்டுப் பக்கமே வண்டி ஓட்ட யோசிக்கிறவன் நான். ரெண்டு திருப்பம் தாண்டியதும், "தாத்தா, தாத்தா, அது கடலு!" என்று கத்தினான். கார் இறங்கிவிட்டது. ஆனால் திக்காமல்தான் இறங்கியது.