இமயமலையில் ஒரு உருட்டல்!

இமயமலைக்குப் போய்விட்டு வந்தேன் என்று சொன்னால் ஆபீசில் ஒருத்தரும் நம்பவில்லை. "மூணாவது மாடிக்கே லிஃப்ட் தேடுற ஆளாச்சேய்யா நீ!" என்றார்கள்.

நான் போனது வடக்கே இல்லை, சார். மேற்கே. ஸ்காட்லாந்தில், கடலோரமாக, செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இருக்கிற 'ஹிமாலயாஸ்'. வெறும் புல் மேடுகள்தான். ஏறுவதற்கு ஆக்சிஜன் வேண்டாம். ஒரு பட்டர் போதும்.

பட்டர் என்றதும் ரொட்டியைத் தேடாதீர்கள். ஸ்ரீரங்கத்தையும் நினைக்காதீர்கள். கோல்ஃபில் பந்தைப் புல்தரையில் உருட்டிக் குழிக்குள் தள்ளுகிற மட்டைக்குப் பெயர் பட்டர். உருட்டுகிற வேலைக்குப் பெயர் பட்டிங். பார்த்தால் குழந்தை விளையாட்டு. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அலுவலக வேலையாக எடின்பரோவில் மூன்று மாதம். ஒரு சனிக்கிழமை, கஸ்டமர்களோடு பட்டிங் போட்டி. இரண்டிரண்டு பேர் ஜோடி; ஜோடிக்கு ஒரே பந்து. ஒருவர் அடித்து நிறுத்திய இடத்திலிருந்து மற்றவர் அடிக்க வேண்டும். எனக்கு ஜோடி யார்? மேனேஜர்!

முதல் அடி நான். பந்து குழிக்கு ஒரு சலாம் போட்டுவிட்டு, புல்தரையையே தாண்டி மணலில் போய் உட்கார்ந்தது. அடுத்த முறை பயந்துகொண்டே தட்டினேன். பாதி வழியில் படுத்துவிட்டது. நான் விட்டு வைத்த மிச்சத்தையெல்லாம் அந்த மனுஷர் குனிந்து குனிந்து முடித்தார். எங்களுக்குக் கடைசி இடம். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அடுத்த மாதப் போட்டிக்கும் என் பெயரையே ஜோடியாக எழுதிக் கொடுத்துவிட்டார்! அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை வேவர்லி ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். 1890-ல் திறந்த ஃபோர்த் பாலம், சிவப்பு இரும்பில் பிரம்மாண்டமாக முதுகு வளைத்து நிற்கிறது. சுமார் ஒரு மணி நேரத்தில் லூக்கர்ஸ். செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு வந்துகொண்டிருந்த ரயிலை 1969-லேயே நிறுத்திவிட்டதால், அங்கிருந்து பஸ்.

கோல்ஃப்காரர்களுக்கு இந்த ஊர்தான் திருப்பதி. இங்குள்ள 'ஓல்டு கோர்ஸ்' உலகப் பிரசித்தம். ஆனாலும், பெரிய போட்டி நாட்கள் தவிர, ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆட்டம் கிடையாது. ஊர் ஜனங்கள் நாயைப் பிடித்துக்கொண்டு காலாற நடக்கிறார்கள்!

அதற்குப் பக்கத்திலேயே நம் இமயமலை. 1867-ல் தொடங்கிய பெண்கள் பட்டிங் கிளப்பின் மைதானம். அந்தக் காலத்தில் பெண்கள் தோளுக்கு மேலே மட்டையை ஓங்குவது அடக்கமில்லை என்று நினைத்தார்கள். 'உருட்டிக்கொள்ளுங்கள், போதும்' என்று ஒதுக்கிய இடம், யானைகள் வரிசையாகப் படுத்த மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கிறது. இன்றைக்கு சில பவுண்டு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் ஆடலாம். பட்டரும் பந்தும் அவர்களே தருகிறார்கள். மொத்தம் 18 குழி.

முதல் குழியிலேயே என் பந்து மேடேறி, யோசித்து, திரும்பி என் காலடிக்கே வந்தது. வளர்த்த நாய் தோற்றது! கோபத்தில் ஓங்கி விட்டேன். மேட்டைத் தாண்டி அடுத்த பள்ளத்தில் மறைந்துவிட்டது.

"லாடி..." என்று ஒரு குரல். என்னைப் போய் லேடி என்கிறார்களே என்று திரும்பினால், பேரனோடு ஆடிக்கொண்டிருந்த ஒரு பாட்டி. அப்புறம்தான் புரிந்தது. 'லாடி' என்றால் அந்த ஊர் 'தம்பி'!

"தம்பி, அந்த மட்டையைக் கீழே வை. பந்தைக் கையாலே உருட்டு" என்றார். உருட்டினேன். குழிக்கு ஒரு முழத்தில் போய் நின்றது. இன்னொரு தடவை உருட்டினேன். அதே கதை.

"இப்ப உன் கண் எங்கே இருந்தது?"

"குழியில்."

"மட்டையைப் பிடிச்சா மட்டும் ஏன் பந்தையே முறைச்சுக்கிட்டு நிக்கறே?"

சுரீர் என்றது. சின்ன வயதில் தெருவில் குழி தோண்டிக் கோலி உருட்டினோமே, யாராவது அளவு சொல்லிக் கொடுத்தார்களா? கண் தூரத்தைப் பார்த்தது, கை உருட்டியது. அவ்வளவுதானே!

பாட்டியின் பாடம் சுருக்கமானது. குழியைப் பார்த்தபடியே இரண்டு முறை வெறுமனே மட்டையை ஆட்டிப் பார். அப்புறம் அதே ஆட்டத்தைப் பந்துக்குக் கொடு. தூரம் அதிகமென்றால் ஓங்கிக் குத்தாதே. பின்னால் இழுப்பதைக் கொஞ்சம் நீளமாக்கு. தாளம் மாறக்கூடாது, கடிகாரப் பெண்டுலம் மாதிரி. மட்டையின் நடுவில் பட வேண்டும்; ஓரத்தில் பட்டால் பந்து சோர்ந்துவிடும். மேட்டுக்கு அடிக்கும்போது குழி இன்னும் தள்ளி இருப்பதாக நினைத்துக்கொள். இறக்கத்துக்கு, கிட்டே இருப்பதாக.

"திசை?" என்று கேட்டேன்.

"திசையில அரை அடி தப்பும். வேகத்தில பத்தடி தப்பும். எதைக் கத்துக்குவே நீ?"

யோசித்தால் கணக்கும் சரிதான். குழியின் விட்டம் நாலே கால் அங்குலம், பந்து 1.68 அங்குலம். வேகமாக வரும் பந்துக்குக் குழியின் நடுப்பாகம் மட்டும்தான் வாசல். மெதுவாக வருவது விளிம்பில் தொட்டால்கூட உள்ளே சரிந்துவிடும். ரொம்ப மெதுவாகப் போனாலும் ஆபத்து. கடைசி அடியில் சரிவு அதைப் பக்கவாட்டில் இழுத்துவிடும். நாஸாவில் வேலை பார்த்துவிட்டு கோல்ஃப் ஆராய்ச்சிக்கு வந்த அமெரிக்கர் டேவ் பெல்ஸ், குழியில் விழாத பந்து 17 அங்குலம் தாண்டி நிற்கிற வேகம்தான் உத்தமம் என்று கண்டுபிடித்தார். நம் கணக்கில் சுமார் ஒரு முழம்!

சாயங்காலம் ஓல்டு கோர்ஸின் 18-வது குழிக்குப் பக்கத்தில், வேலியோரமாக நின்றேன். முன்னால் 'பாவப் பள்ளத்தாக்கு' என்று ஒரு பள்ளம். 1995 பிரிட்டிஷ் ஓப்பனில் இத்தாலிக்காரர் கான்ஸ்டன்டினோ ரோக்கா சொதப்பலாக ஒரு அடி அடித்து, பந்து இந்தப் பள்ளத்தில் விழுந்தது. அங்கிருந்து அறுபது அடிக்கு மேல் மேடேற்றி, அப்படியே குழிக்குள் உருட்டினார். ஆட்டம் சமன்! (அப்புறம் பிளே ஆஃபில் ஜான் டேலியிடம் தோற்றது வேறு விஷயம்.)

1970-ல் டக் சாண்டர்ஸுக்கு நேர்மாறு. இதே இடத்தில் இரண்டு பட்டில் முடித்தால் கோப்பை. முதல் பட் மூன்றடி குறைவாக நின்றது. அந்த மூன்றடியைத் தவறவிட்டார். மறுநாள் பிளே ஆஃபில் ஜாக் நிக்லஸிடம் ஒரே ஒரு அடியில் தோல்வி. எல்லோரும் அந்தக் கடைசி மூன்றடியைத்தான் பேசுகிறார்கள். எனக்கென்னவோ அந்த மூன்றடியை மிச்சம் வைத்த முதல் பட்தான் உறுத்தியது. மேனேஜருக்கு நான் எத்தனை மூன்றடிகள் வைத்தேன்!

அடுத்த மாதம் போட்டி. கடைசிக் குழி. நாற்பதடி, லேசான ஏற்றம். அடிக்க வேண்டியது நான். கஸ்டமர்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். கை நடுங்கியது. குழியைப் பார்த்தேன். இரண்டு முறை வெறும் ஆட்டம். அப்புறம் விட்டேன். பந்து குழியைத் தொடாமல் தாண்டி, ஒரு ஜாண் தள்ளி நின்றது.

மேனேஜர் சும்மா தொட்டார். உள்ளே போயிற்று.

ஒரு அடி வித்தியாசத்தில் எங்களுக்கு இரண்டாவது இடம். "இன்னிக்கு எனக்கு ஒரு வேலையுமே வைக்கலியே நீ!" என்று தோளில் தட்டினார் மேனேஜர்.

அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.