மணி நீருக்குள் கிடந்த நாள்கள்

கடந்த ஏப்ரலில் ஐந்து வாரங்கள் ஒரு மலைப்பாம்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. அப்போது நான் செய்த ஒரு தவற்றை மறக்கும் முன் எழுதிவைக்க விரும்புகிறேன்.

ஹைதராபாத்தில் என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் தோழி அசாமைச் சேர்ந்தவள். தாயின் அறுவை சிகிச்சைக்காகத் திடீரென்று குவாஹாத்தி செல்ல நேர்ந்தபோது, தன் பாம்பை என்னிடம் ஒப்படைத்தாள். அவள் அதை மொனி என்று அழைப்பாள். என் வாயில் அது முதல் நாளே மணியாகிவிட்டது. மேற்கு ஆப்பிரிக்காவுக்குரிய பால் பைத்தான் இனம், நான்கடி நீளம். அஞ்சும்போது தலையை நடுவில் பொதித்துப் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் ஆங்கிலத்தில் அப்பெயர். வாட்ஸ்அப்பில் அம்மாவுக்குத் தமிழில் எழுதியபோது, "நாளுக்கு எத்தனை டம்ளர் பால் குடிக்கும்?" என்று கேட்டார். எலிதான் தின்னும் என்று நான் எழுதியதற்கு அவரிடமிருந்து பதிலே இல்லை.

நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. மணி அயல்நாட்டு இனம். 2024இல் வந்த விதிகளின்படி ஒன்றிய அரசின் பரிவேஷ் தளத்தில் அதைத் தோழி பதிவுசெய்திருந்தாள்.

இரண்டாம் வாரத்தில் ஒரு காலை, மணி தன் நீர்க்கிண்ணத்துக்குள் முழு உடலையும் சுருட்டி வைத்துக்கொண்டு, தலையை மட்டும் வெளியே நீட்டியபடி கிடந்தது. வெளியே வெயில் நாற்பது பாகையைத் தாண்டியிருந்தது. படமெடுத்து, "மணி நீராடுகிறாள்" என்று எழுதித் தோழிக்கு அனுப்பினேன். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தவள் சிரித்தாள்; அந்த வாரத்தில் தனக்கு வந்த ஒரே நல்ல செய்தி இதுதான் என்றாள். அந்தப் பதிலுக்காகவே மறுநாளும் படம் அனுப்பினேன்.

நான்காம் நாளும் அது நீரைவிட்டு வெளியே வரவில்லை. எலியைக் காட்டியபோது தலையைத் திருப்பிக்கொண்டது. அப்போதுதான் ஐயம் எழுந்தது.

முதலில் வெப்பத்தை நினைத்தேன். பெட்டியின் ஒரு முனை 32 பாகை செல்சியஸ், மறுமுனை 26 பாகை அளவில் இருக்க வேண்டும் என்று தோழி எழுதிவைத்திருந்தாள். குளிர்ந்திருக்க வேண்டிய முனையில் 31 பாகை. ஏசியைப் போட்டேன், இரவுக்குள் வெப்பம் இறங்கியது, பாம்பு இறங்கவில்லை. அடுத்து, சட்டை உரிக்கப்போகிறதோ என்று பார்த்தேன். உரிப்பதற்கு முன் பாம்பின் கண்கள் நீலம் கலந்து மங்கிப்போகும். மணியின் கண்கள் தெளிவாக இருந்தன. ஈரப்பதம் 60 விழுக்காடு, அதிலும் குறையில்லை. ஒளிந்துகொள்ள இடமில்லாவிட்டாலும் பாம்பு கிண்ணத்தில் அடைக்கலம் தேடும். அதுவும் இல்லை, ஏற்கெனவே இரண்டு மறைவிடங்கள் இருந்தன, மூன்றாவதாக ஒரு மரப்பொந்தை நானே வாங்கி வைத்திருந்தேன்.

அன்று மாலை கிண்ணத்து நீரை மாற்றும்போது, மிளகைப் பொடித்துத் தூவினாற்போல் அடியில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. மண்ணென்று நினைத்துக் கொட்டப்போனேன். ஒரு புள்ளி நகர்ந்தது.

வெள்ளைக் காகிதத்தை நனைத்துப் பாம்பின் உடலைத் துடைத்தேன். காகிதத்தில் அதே புள்ளிகள். நசுங்கிய இடங்களில் செந்நிறம். தாடையின் கீழ்ச் செதில்களுக்கிடையிலும் கண்ணைச் சுற்றியும் அவை ஒட்டியிருந்தன. பாம்பின் குருதியைக் குடித்து வாழும் சிற்றுண்ணிகள் அவை என்று மருத்துவர் சொன்னார். அத்தொல்லைக்கு ஆளான பாம்பு நீரில் அமிழ்ந்து கிடக்கும். உண்ணிகள் சில மூழ்கிச் சாகும், எஞ்சியவை நீருக்கு மேலிருக்கும் தலைக்கு ஏறிவிடும். பெருகவிட்டால் குருதிச் சோகையில் பாம்பு மெலிந்து இறக்கவும் கூடும்.

"புதிதாக ஏதேனும் பெட்டிக்குள் வைத்தீர்களா?" என்று அவர் கேட்டார். பாம்பு வளர்ப்பதை விட்டுவிட்ட ஒருவரிடம் மலிவு விலைக்கு வாங்கிய மரப்பொந்து நினைவுக்கு வந்தது. கழுவாமலே வைத்திருந்தேன்.

அன்றிரவு தோழியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சற்று நேரம் அவள் பேசவில்லை. பிறகு, முதல் நாள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னாள். இடது கண்ணின் விளிம்பில் இரண்டு கறுப்புப் புள்ளிகள். அவள் சிரித்த படம் அது. "நீராடுகிறாள்" என்று நான் பொருள் எழுதிய படம்.

பலபொருள் ஒருசொல்லை வகுப்பில் நானே விளக்கியிருக்கிறேன். சூழலைப் பாராமல் ஒரு சொல்லுக்குப் பொருள் கூறாதீர்கள் என்று இளநிலை மாணவர்களிடம் வற்புறுத்தியும் இருக்கிறேன். நீரில் கிடத்தலுக்கு வெப்பம், வறட்சி, அச்சம், நோய் எனப் பல பொருள்கள் இருக்க, பட்டியலிலேயே இல்லாத 'மகிழ்ச்சி' என்ற பொருளை நான் தேர்ந்தேன். அப்பொருள் மணியிடமிருந்து வரவில்லை. தொலைவில் கலங்கியிருந்த ஒருத்திக்கு நல்ல செய்தி சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன். களப்பணியில் எத்தனை தலையசைப்புகளுக்கு இப்படி எனக்கு வேண்டிய பொருளை எழுதியிருக்கிறேனோ என்ற கேள்வி இப்போது என் குறிப்பேடுகளைத் திறக்கும்போதெல்லாம் உடன் வருகிறது.

மரப்பொந்தையும் பெட்டியில் பரப்பியிருந்த நார்த்தூளையும் பையில் கட்டி எறிந்தேன். பெட்டியை வெந்நீரில் தேய்த்துக் கழுவி, வெறும் காகிதம் விரித்தேன். மருத்துவர் தந்த மருந்தை ஒருமுறை இட்டால் போதாது. உண்ணிகள் பாம்பின் மேல் முட்டையிடுவதில்லை. பெட்டியின் இடுக்குகளில் இடுகின்றன. நம் ஊர் வெப்பத்தில் இரண்டு வாரங்களுக்குள் முட்டை முழு உண்ணியாகிவிடும். ஆகவே துடைப்பதும் கழுவுவதும் வாரந்தோறும் தொடர்ந்தன. தாய் உடல் தேறியபின் திரும்பிவந்த தோழி, பையைக்கூட இறக்காமல் மணியைத் தூக்கித் தாடையின் கீழே பார்த்தாள். மறுவாரம் அது எலியைத் தின்றது. எங்கள் நட்புக்குச் சேதமில்லை. ஆனால் படங்களுக்கு நான் இப்போது தலைப்பு எழுதுவதில்லை.

பாம்பு வளர்ப்போர் யாரேனும் இதைப் படித்தால்: ஓரிரு மணி நேரம் நீரில் கிடப்பது இயல்புதான். நாள்கணக்கில் கிடந்தால் வெப்பமானியையும் ஈரப்பதத்தையும் கண்களையும் பாருங்கள். அதற்கும் முன்னால், கிண்ணத்தின் அடியைப் பாருங்கள்.