உப்பு செஞ்சிக்கு வருமா?

செஞ்சியில் வளர்ந்தவனுக்குக் கடல் என்றால் மாமா வீடு. திண்டிவனத்தில் பஸ் மாறி மரக்காணத்தில் இறங்கினால் போதும், மொத்தம் 60 கிலோமீட்டர் சொச்சம். இந்த முனையில் மூன்று மலைகளும் அவற்றைச் சுற்றி ஒரு கோட்டையும். அந்த முனையில் உப்புப் பாத்திகள், கழுவேலி, அப்புறம் வங்காள விரிகுடா. மாமா 40 வருடமாக அங்கே உப்பு வாருகிறார்.

நான் வேலை பார்ப்பது வரைபடத் தரவில். என் திரையில் கடற்கரை என்பது ஒரு கோடு. ஆயிரக்கணக்கான புள்ளிகளை இணைத்து வரைந்திருப்பார்கள். ஒரு பக்கம் நிலம், மறுபக்கம் நீர். ஒவ்வொரு கோட்டுக்கும் அதை எடுத்த தேதி உண்டு. புதுச்சேரிக்கு வடக்கே பொம்மையார்பாளையம் பக்கம் 20 வருட இடைவெளியில் எடுத்த இரண்டு கோடுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் அவை ஒட்டாது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது கடல் தின்ற மணல். தேதியை இன்னும் பின்னால் தள்ளிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று ஒருநாள் தோன்றியது.

20,000 வருடம் தள்ளினால் கோடு கண்ணுக்கெட்டாத தூரம் போய்விடுகிறது. அது கடைசிப் பனியுகத்தின் உச்சம். பூமியின் நீரில் ஒரு பகுதி வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் பனிப்பாளமாக உறைந்து கிடந்ததால், கடல் இன்றைய மட்டத்துக்குச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. எங்கள் ராஜகிரியின் உயரம் ஏறத்தாழ 800 அடி. அதில் பாதி உயரத்துக்குக் கடல் இறங்கியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக் நீரிணை பெரும்பாலும் 15 மீட்டர்கூட ஆழம் இல்லாதது. அன்று அது வெறும் தரை. ராமநாதபுரத்துப் பக்கமிருந்து யாழ்ப்பாணத்துப் பக்கம் நடந்தே போகலாம். பனி உருக உருக அந்தத் தரை மூழ்கி, இலங்கை தீவாகப் பிரிந்து ஏறக்குறைய 7,000 வருடம் ஆகிறது.

இந்த இடத்தில் யாராவது குமரிக்கண்டம் என்பார்கள். மூழ்கியது கண்டத்தின் ஓரம் மட்டும்தான். ஆனால் அந்த ஓரத்தில் ஆட்கள் இருந்தார்கள், எனக்கு அவர்கள் போதும்.

கடல் எப்போதும் ஒரே வேகத்தில் ஏறவில்லை. 14,500 வருடங்களுக்கு முன் சில நூற்றாண்டுகள், வருடத்துக்கு 4 சென்டிமீட்டர் அளவுக்கு ஏறியிருக்கிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் மட்டுமே சரிகிற தட்டையான கரையில், 4 சென்டிமீட்டர் ஏறினால் கடல் 40 மீட்டர் உள்ளே வரும். வருடத்துக்கு 40 மீட்டர் என்றால், ஒருத்தியின் 40 வயதுக்குள் 1.6 கிலோமீட்டர். அவள் பிறந்த இடத்தை அவளே தன் பேரனுக்குக் கடலில் கைநீட்டித்தான் காட்ட முடியும்.

அப்படிப்பட்ட ஒருத்தி என்ன செய்தாள்? பதிலில் பெரும்பகுதி கடலுக்கு அடியில் கிடக்கிறது. மிஞ்சிய கொஞ்சம், தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிகளில் கிடைத்தது. தேரி என்றால் செம்மணல் மேடு. சாயர்புரம் தேரியில் ராபர்ட் புரூஸ் ஃபூட் 19ஆம் நூற்றாண்டிலேயே கற்கருவிகளைச் சேகரித்தார். 1956இல் சொய்னர், ஆல்ச்சின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சாயர்புரம், மெஞ்ஞானபுரம், குளத்தூர் உள்ளிட்ட தேரி இடங்களைப் பற்றி எழுதினார்கள். கடல் மட்டம் வேறாக இருந்த காலத்தில், மணல் மேடுகளுக்கும் காயல்களுக்கும் நடுவே தங்கி, மீன்பிடித்தும் வேட்டையாடியும் வாழ்ந்தவர்கள் என்பது அவர்கள் முடிவு. அந்தக் கருவிகளின் காலம் பற்றிய விவாதம் பிறகும் தொடர்ந்தது.

கருவிகள் மிகச் சின்னவை. பல, விரல் நகம் அளவுதான். நுண்கற்கருவி என்கிறார்கள். குவார்ட்ஸ், செர்ட் கற்களில் சில்லு சில்லாகப் பெயர்த்தவை. மரத்திலோ எலும்பிலோ பதித்தால் அம்பு, ஈட்டி, கத்தி எதுவாகவும் ஆகும். ஒரு சில்லு உடைந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மொத்த ஆயுதசாலையும் ஒரு பைக்குள் அடங்கிவிடும். நகரும் கரையில் இருப்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான தொழில்நுட்பம் கிடையாது என்று என் பொறியியல் மூளை சொல்கிறது.

ஆனால் கனமில்லாத பை மட்டும் போதுமா? நகர்ந்தால் எங்கே போவது? அங்கே ஏற்கெனவே இருப்பவன் விடுவானா? இதற்கான தடயம் இலங்கையின் மழைக்காட்டுக் குகைகளில் இருக்கிறது. ஃபாஹியன் குகையில் 48,000 வருடங்களுக்கு முன்பே மனிதர்கள் குரங்கையும் அணிலையும் வேட்டையாடி வாழ்ந்தார்கள். முழுக்க முழுக்கக் காட்டு மனிதர்கள். ஆனால் அங்கே கடற்சிப்பி மணிகள் கிடைத்தன. இரத்தினபுரிப் பக்கத்துப் படதொம்ப குகையிலும் கடற்சிப்பிகள், ஒரு சுறாப்பல். இன்றைய கரையிலிருந்தே அது நன்றாக உள்ளே இருக்கும் இடம். கடல் இறங்கியிருந்த காலத்தில் தூரம் இன்னும் அதிகம். சிப்பி தானாக மலை ஏறாது. யாரோ கொண்டுபோனார்கள், அல்லது கைமாறிக் கைமாறிப் போனது. உப்பும் அப்படித்தான் போயிருக்கும் என்று ஆய்வாளர் சிரான் தெரணியகல கருதினார்.

இதை நான் இப்படிப் படிக்கிறேன்: கடல் ஏறியபோது அவர்களைக் காப்பாற்றியதில் காலுக்குப் பாதிப் பங்குதான். மீதிப் பாதி, உள்நாட்டில் அவர்களைத் தெரிந்தவர்கள் இருந்தது. சிப்பி போன வழியில்தான் ஒருநாள் ஆளும் போயிருப்பான்.

இதெல்லாம் வெறும் பழங்கதையாக இருந்திருந்தால் இவ்வளவு படித்திருக்க மாட்டேன். எங்கள் வீட்டில் மூன்று வருடமாக ஒரு பஞ்சாயத்து ஓடுகிறது. மாமாவுக்கு 61 வயது. பாத்தி மிதித்து மிதித்துக் கால் தேய்ந்துவிட்டது. அம்மா போனில் அவரிடம், “எத்தினி வருசம்டா இப்படி? வீட்டை வித்துட்டு இங்கியே வந்துடு” என்பாள். மாமாவின் பதில் மாறுவதே இல்லை. “நான் வந்துடுவன்க்கா. உப்பு செஞ்சிக்கு வருமா?”

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பாத்தி எல்லாம் தண்ணீர். இனி பேச்சே இல்லை என்று அம்மா முடிவுகட்டினாள். ஆனால் அந்தப் புயலில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது கடற்கரையில் அல்ல, உள்ளே இருக்கும் மயிலத்தில். செஞ்சியிலும் தண்ணீர் ஊருக்குள் வந்தது. “அக்கா, உங்க ஊரு எப்படி?” என்று மாமா போன் செய்தார். கிண்டலா அக்கறையா என்று அம்மாவுக்கு இன்றுவரை சந்தேகம்.

கோட்டை ஊர்க்காரர்கள் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: ஆபத்து வந்தால் மதில் எழுப்பு, உள்ளே உட்கார், எதிரி சலித்துப் போவான். முகலாயப் படை இந்தக் கோட்டையைப் பிடிக்க 1690இலிருந்து 1698 வரை வெளியே கிடந்தது. இன்று கடற்கரையிலும் நாம் அதே பாடத்தைத்தான் நடத்துகிறோம். புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கடலுக்குள் கல் அணை போட்டார்கள். தெற்கிலிருந்து வரும் மணல் தடைபட்டது. வடக்கே கரை அரித்தது. அரித்த இடத்தில் லாரி லாரியாகக் கல் கொட்டினார்கள். அரிப்பு அடுத்த குப்பத்துக்குப் போனது. எதிரிக்குச் சலிப்பு வரும். கடலுக்கு வராது.

உலக அளவில் கடல் இப்போது வருடத்துக்கு ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் ஏறுகிறது. அன்றைய வேகத்தில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் அவளிடம் பட்டா இல்லை, வீட்டுக்கடன் இல்லை. நகர்ந்தால் கையில் பை இருந்தது. மாமாவிடம் இருப்பது நாலு சென்ட் மனையும், செஞ்சியில் செல்லுபடியாகாத ஒரு தொழிலும்.

“நீ சொல்லுடா, நீதானே மேப்பு எல்லாம் பாக்குற” என்று போன மாதம் அம்மா என்னிடம் கேட்டாள். வீட்டை விற்க வேண்டாம் என்றேன். அவரை வரவும் சொல்லு என்றேன். அம்மாவுக்குக் கோபம். இது ஒரு பதிலா?

மழை மாதங்களில் உப்பளத்தில் வேலை கிடையாது. அந்த மூன்று மாதமும் மாமா செஞ்சிக்கு வந்து, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் மூட்டை தூக்குவார். என் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். வரும்போது ஒரு சாக்கு உப்பு வரும். தை பிறந்ததும் போய்விடுவார், போகும்போது இங்கிருந்து வேர்க்கடலை போகும். இதை நாங்கள் யாரும் ஒரு ஏற்பாடாக நினைத்ததே இல்லை. மாமா வருகிறார், அவ்வளவுதான். தேரிக்காரர்களைப் படித்த பிறகுதான், அறுபது கிலோமீட்டருக்கு இரண்டு முனையிலும் ஒரு அடுப்பு எரிவது எவ்வளவு பெரிய சொத்து என்று தெரிகிறது. மரக்காணத்து அடுப்பு ஒருநாள் அணையத்தான் போகிறது. அந்த நாளை மாமா சொல்லட்டும். தண்ணீர் எங்கே வருகிறது என்று என் கோட்டைவிட அவர் காலுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மூட்டை தூக்க அவரால் இனி முடியாது. இந்த ஐப்பசியில் வந்து சும்மா இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறோம். அம்மா முன்னறையிலிருந்த நெல் மூட்டைகளைப் பின்னால் தள்ளிவிட்டு, ஒரு கட்டில் போட்டிருக்கிறாள்.