வெப்ளி
துவக்குச் சத்தம் கேட்டு வளர்ந்த கல்முனைக்காரனுக்கு றிவோல்வரில் என்ன விருப்பம் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. எனக்கு அதன் பொறிநுட்பம் பிடிக்கும். விசையை ஒருமுறை இழுத்தாலே சுத்தியல் பின்னெழும், ரவை உருளை சுழலும், சுத்தியல் விழும். இதுவே இரட்டைச்செயல். இவ்வகையில் 1899இன் ஸ்மித் அன்ட் வெஸன் அடக்கமானது. 1955இன் கோல்ட் பைதன் அழகானது. என் தெரிவோ, 1915இல் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட வெப்ளி மார்க் 6. மடித்துத் திறந்தால் ஆறு கோதுகளும் ஒரேயடியாக மேலெழும்.

1959 செப்டெம்பர் 25இல் கொழும்பு றோஸ்மீட் பிளேஸில் பிரதமர் பண்டாரநாயக்கவைச் சுட்டதும் வெப்ளிதான். மறுநாள் அவர் இறந்தார். இதை அறிந்தே தெரிவுசெய்கிறேன். ஆனால் நான் விரும்புவது மடித்துத் திறந்து, ஆறு அறைகளும் வெறுமையாய்க் கிடக்கும் வெப்ளியை. அந்த நிலையில் அது எவரையும் சுடாது.