கதிரையைக் காப்பாற்றினால் போதுமா?

மட்டக்களப்பு நகரின் மையம் வாவியின் நடுவே அமைந்த புளியந்தீவு என்பதை வாசகர் பலரும் அறிவர். 1628 இல் போர்த்துக்கேயர் கோட்டை எழுப்பி, 1638 இல் ஒல்லாந்தரிடம் இழந்த அந்தத் தீவில் அகன்ற விறாந்தையும் உயர்ந்த கூரையும் கொண்ட பழைய வீடுகள் அருகி வருகின்றன. அவற்றுள் ஒன்று என் தங்கையின் கணவருக்கு முதுசமாக வந்த வீடு. அதனை இடிப்பதா, திருத்துவதா என்று குடும்பத்தினர் இரண்டு ஆண்டுகள் வாதாடிய பின்னர், கடந்த ஆண்டு திருத்தி முடித்தார்கள்.

கனடாவில் வாழும் பிள்ளைகள் சில படங்களை அனுப்பியிருந்தார்கள். வெள்ளைச் சுவர், வெறுமையான அறை, நடுவே ஒரு பழைய கதிரை. பார்த்த மாத்திரத்தில் மனம் அமைதி கொள்ளும் என்பது உண்மையே. ஆனால், அந்த வெண்மை எங்கள் ஊருக்குப் புதிய நாகரிகம் அல்ல. சுண்ணாம்பு அடித்த சுவர்கள் வேறு எந்த நிறத்தில் இருந்திருக்க முடியும்?

வீட்டின் நோயும் அந்தச் சுவரில்தான் இருந்தது. 1978 நவம்பர் 23 ஆந் திகதிச் சூறாவளியில் ஓடுகள் பறந்துபோக, கூரைக்கு அஸ்பெஸ்டஸ் தகடு போட்டார்கள். மழையில் ஊறிய சுவர்களுக்குச் சீமெந்து பூசி, அதன்மேல் எனாமல் பெயின்ற் அடித்தார்கள். வாவிக்கரை மண்ணின் ஈரம் சுவரில் ஏறாமல் இராது. சுண்ணாம்புச் சாந்து அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சீமெந்தும் எனாமலும் அதனை உள்ளே அடைத்துவிடும். அடைபட்ட ஈரத்தோடு உப்பும் பூத்து, ஒவ்வொரு மாரிக்கும் பூச்சுத் திட்டுத் திட்டாகக் கழன்று விழுந்தது. இம்முறை இடுப்பளவு உயரத்திற்குச் சீமெந்தைக் கொத்தி எடுத்து, சுவரைப் பல மாதங்கள் காயவிட்டு, மீண்டும் சுண்ணாம்புச் சாந்து பூசினார்கள். அந்தக் காலத்தில் கிழக்குக் கரையோரத்தில் பவளப்பாறையையும் சிப்பியையும் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். இன்று பவளப்பாறை அகழ்வது சட்டப்படி குற்றம். ஆகவே, உள்நாட்டுக் கல்லுச் சுண்ணாம்பையே வாங்க வேண்டியிருந்தது.

சுவர் வெளுத்ததும் தளபாடங்களின் முறை வந்தது. பின்னறையில் அடைந்து கிடந்த முதிரை மரக் கதிரைகள் ஆறு, சாய்மனைக் கதிரை ஒன்று, லாச்சி வைத்த மேசை, ஓர் அலுமாரி, நீண்ட வாங்கு ஒன்று. இவற்றை எண்ணிக் குறிப்பெடுத்தபோது என் கவனத்தை ஈர்த்தவை பொருள்களைவிட அவற்றின் பெயர்களே. கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு ஆகிய நான்கும் போர்த்துக்கேயச் சொற்கள். யன்னலும் சாவியும் அவ்வாறே. லாச்சி ஒல்லாந்தர் விட்டுச்சென்றது. தமிழ் வீடு என்று நாம் பெருமையோடு சொல்லும் வீட்டின் உள்ளே பாதிச் சொற்கள் கடல் கடந்து வந்தவை.

சொற்களோடு கைத்திறனும் வந்தது. மட்டக்களப்புப் பறங்கியர் பலருக்குத் தச்சும் கொல்லும் தலைமுறைத் தொழில்கள். போர்த்துக்கேயக் கிரியோல் மொழியை வீட்டில் பேசி, நம்மோடு தமிழில் பழகிய அம்மக்களின் கைகளில் உருவான தளபாடங்கள் ஊரின் எத்தனையோ வீடுகளில் இருந்தன. பலர் அவுஸ்திரேலியாவுக்குப் போனார்கள். 2004 டிசம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை டச்பார் பகுதியில் வாழ்ந்த பறங்கியர் குடும்பங்களைக் கொடூரமாகத் தாக்கியது. கிரியோல் பேசும் முதியவர்கள் இன்று சிலரே. அவர்களின் சொற்களோ நம் வாயில் அன்றாடம் புழங்குகின்றன.

காலிக் கோட்டையை நான் பத்திரிகைப் பணியின் நிமித்தம் பலமுறை பார்த்திருக்கிறேன். 1988 இல் உலக மரபுரிமைச் சின்னமான பின்னர் அங்கே பழைய வீடுகளுக்கு விலை ஏறியது. பல வீடுகள் வெளிநாட்டவரின் கைக்கு மாறி, விடுதிகளாகவும் விடுமுறை இல்லங்களாகவும் அழகுறத் திருத்தப்பட்டன. வெள்ளைச் சுவர்களும் பழங்கதிரைகளும் அங்கே குறைவில்லை. ஆனால், அந்தக் கதிரைகளில் அமர்ந்திருந்த குடும்பங்கள் பல கோட்டையை விட்டுப் போய்விட்டன. யுத்தம் நீண்ட காலம் நீடித்த எங்கள் ஊருக்கு அத்தகைய பணம் வரவில்லை. வராததால் வீடுகள் சிதைந்தன என்பது ஒரு பக்கம். மனிதர்கள் வாழும் வீடாகவே ஒன்றைத் திருத்தும் வாய்ப்பு இன்னும் எஞ்சியிருக்கிறது என்பது மறுபக்கம்.

கதிரைகளுக்குப் பிரம்பு பின்ன வந்தவர் எழுபத்தைந்து வயதைத் தாண்டிய பறங்கியர். பிரம்பை நீரில் ஊறவைத்து, நெடுக்கும் குறுக்குமாக நான்கு வரிசையும் மூலைவாட்டில் இரண்டு வரிசையும் என்று ஆறு தடவை இழுத்துக் கட்டினார். ஒரு கதிரைக்கு மூன்று நாள் பிடித்தது.

"இது இன்னும் எத்தனை வருசம் தாங்கும், ஐயா?" என்று தங்கை கேட்டாள்.

"மரத்தைப் பற்றி யோசிக்காதீங்க தங்கச்சி, அது உங்கட பேரப்பிள்ளைக்கும் இருக்கும். பிரம்பு பதினைந்து, இருபது வருசம். அதுக்குப் பிறகு பின்ன ஆளை இப்பவே தேடி வையுங்க" என்றார்.

அவர் சொன்னதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அயலில் வேலையின்றி இருந்த இளைஞர் ஒருவரைத் தங்கை அழைத்து, மிகுதிக் கதிரைகள் முடியும்வரை நாட்கூலி கொடுத்து அவரருகே இருத்தினாள். ஆறாவது கதிரையை அந்த இளைஞரே பின்னினார். மூலைவாட்டு வரிசை சற்றுக் கோணலாகத்தான் வந்தது. பெரியவர் அதை அவிழ்க்க விடவில்லை.

புலம்பெயர்ந்த நாடுகளில் இருந்தபடி ஊர் வீட்டைத் திருத்த எண்ணும் அன்பர்களுக்கு நான் கூற விரும்புவது இவ்வளவே. செலவுக் கணக்கில் சுண்ணாம்பு, மரம், ஓடு என்று எழுதும்போது, தொழில் பழகும் ஒருவருடைய கூலியையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். முழுத் தொகையில் அது மிகச் சிறியது. அந்த வரி இல்லாவிட்டால், நாம் இன்று காப்பாற்றும் கதிரையில் இருபது வருடங்களின் பின் எவரும் உட்கார முடியாது.